பதினாறு வோல்ட்

காலை ஒன்பதரைக்கு ஃப்ரீசர் பெட்டி நின்றுபோனது. உள்ளே படுத்திருந்த குற்றாலீஸ்வரன் நின்றுபோய் அப்போது பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது.

முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி ரெங்கம்மாள்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பெட்டியின் உறுமல் அடங்கி, 'டக்... டக்...' என்று ஏதோ அடித்துக்கொள்வது கேட்டது. ரிலே. கம்ப்ரஸரைப் போட்டு அணைக்கிற சின்ன சுவிட்சு. முப்பத்தெட்டு வருடம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயருக்கு டார்ச் பிடித்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

"ஏட்டி, கொஞ்சம் அழாம இருங்க. சத்தம் கேக்கட்டும்," என்றாள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். துக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

பெட்டிக்காரர் சுப்பு வந்து ஸ்டெபிலைசரைத் தட்டினார், வயரை ஆட்டினார், கடைசியில் பெட்டியையே தட்டினார். "போர்டு போயிருச்சு ஆச்சி. இன்னொரு பெட்டி சங்கரன்கோயில்ல ஒரு வீட்டுல ஓடுது. அங்கன எடுத்தபொறவுதான் இங்கன வரும். சாயந்திரம் ஆயிரும்."

"அப்பம் பதினோரு மணிக்கே எடுத்துருவோம்," என்றார் சங்கிலிப்பாண்டி. குற்றாலீஸ்வரனின் தம்பி. குற்றாலம் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டத்தைக் கலைக்கிற குரலில்தான் சொல்லுவார்.

"நிர்மலா நாலு மணிக்குத்தான் வாரா," என்றாள் ரெங்கம்மாள்.

ஒரே மகள் நிர்மலாதேவி ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும் விமானத்தில் இருந்தாள். போனில் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: 'அப்பா மொகத்தப் பாக்கணும்மா, எடுத்துராதீங்க.'

"அதுவரைக்கும் தாங்காது மதினி. வீடியோவுல பாத்துக்கிடட்டும். இப்பல்லாம் அப்படித்தான் செய்யுதாங்க."

"அவ என்ன கிரிக்கெட்டா பாக்கப் போறா, வீடியோவுல பாக்க?"

சங்கிலிப்பாண்டி மீசையைத் தடவினார். அண்ணன் தம்பிக்குள் பழைய உரசல் ஒன்று உண்டு. குற்றாலீஸ்வரன் பெங்களூரில் அரசாங்கத் தொலைபேசித் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு மேலகரத்துக்கு வந்தவர், சும்மா இருந்தாரா? ஐந்தருவிக்கு மேலே ஒரு நண்பரின் தோப்பில் தானே செய்த மழைமானி ஒன்றை நட்டார். அருவியில் அன்றைக்குக் குளிக்கலாமா கூடாதா என்று அது காலை ஆறு மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடும். லாட்ஜ்காரர்களும் எண்ணெய்க் குளியல்காரர்களும் போலீசைக் கேட்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்க ஆரம்பித்தார்கள். தம்பியின் விசிலை அண்ணனின் டப்பா முந்திக்கொண்டது. தம்பி மன்னிக்கவேயில்லை.

அந்த டப்பாவுக்கும் விவஸ்தை கிடையாது. முதலாளி செத்த மறுநாளும் சரியாக ஆறு மணிக்கு 'ஐந்தருவி: தாராளமாகக் குளிக்கலாம்' என்று அனுப்பியிருந்தது. அதற்குக் கீழேயே நாற்பத்துமூன்று பேர் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டிருந்தார்கள்.

அந்த நாற்பத்துமூன்று பேர்தான் 'தென்காசி சால்டரிங் சங்கம்'. டி.வி. மெக்கானிக், யு.பி.எஸ். விற்பவர், காலேஜ் வாத்தியார், வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சர்க்யூட் போடும் பையன்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெங்கம்மாளின் காபியைக் குடித்துவிட்டு, ஊரார் கொடுத்த மிக்ஸிகளைப் பிரித்துப்போட்டுச் சண்டை போடுவார்கள். சரிசெய்ததை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் குற்றாலீஸ்வரன் திருப்பிக் கொடுக்கமாட்டார். அந்த வீட்டில் வெறும் மிக்ஸி ஓடாத ஞாயிறே கிடையாது.

சங்கத்தில் ஏழெட்டுப் பேர் மாலையோடு முற்றத்தில் சாரலில் நின்றிருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கனி, பெட்டி நின்னுட்டு. ரிலே அடிக்குது."

டி.வி. கடை முகம்மது கனி நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்ததற்கு வெட்கப்பட்டு, மறுபடியும் வந்தது. "சப்ளை இறங்குதுக்கா," என்றார். "சென்சாரா இருக்கும்," என்றார் இன்னொருவர். "சென்சார் போனா ரிலே எதுக்கு ஓய் அடிக்கும்?" மாலைகள் நாற்காலிக்குப் போயின. துக்க வீட்டுக்கு வந்தவர்களில் ஐந்து பேரின் சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது.

கால்மாட்டில் நாலு திருகைக் கழற்றி மூடியை எடுத்தார் கனி. எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடியின் உட்புறம் பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"அக்கா... சார் எழுத்துல்லா இது?"

ரெங்கம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். '16 வோல்ட் கண்டன்சர் போட்டுள்ளேன். 25 கிடைத்ததும் மாற்றவும். தற்காலிகம். கு. 28.5.2021.'

கொரோனா ஊரடங்கு. கடை எதுவும் திறக்காத மே மாதம். பழுதான ஃப்ரீசர் பெட்டிகள் வாசலில் வரிசையாக வந்து இறங்கின. ஏழோ எட்டோ. எல்லாவற்றுக்கும் டார்ச் பிடித்தது அவள்தான்.

"நான் போன வருசம் செகண்ட் ஹேண்டுல்லா வாங்குனேன்," என்றார் சுப்பு, குற்றம் தன்னுடையதல்ல என்பதுபோல.

போர்டில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு கண்டன்சர், மின்சாரத்தைத் தேக்கி விடுகிற குப்பி, இருபத்தைந்து வோல்ட் தாங்கவேண்டிய இடத்தில் பதினாறைத் தாங்குவது, தலை உப்பி நின்றது.

கனி மெதுவாகச் சொன்னார்: "'தற்காலிகம்னு ஒரு பார்ட்டு எந்தக் கடையிலலே விக்கான்?'னு என்னைய எத்தன தடவ ஏசியிருப்பாரு!"

ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. உள்ளே பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஊர்ல உள்ளவன் வேலையெல்லாம் நொட்ட சொன்ன மனுசன்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தன் வேலையில தானே போய்ப் படுத்துருக்காரு."

"என் பையில ஒரு பதினாறு கெடக்குக்கா. போட்டா நாலு மணி வரைக்கும் தாங்கும்."

"வேண்டாம். இருபத்தஞ்சு போடணும்."

அவள் பின்கட்டு அறையை நோக்கி நடந்தாள். சங்கிலிப்பாண்டி குறுக்கே வந்தார்.

"மதினி, நீங்க இப்பம் அங்கன இங்கன நடக்கப்படாது. தலமாட்டுல உக்காருங்க. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு மிக்ஸியத் தூக்கிக்கிட்டு இங்கனதான தம்பி வந்துச்சு? ஒண்ணும் சொல்லாது. வழிய விடுங்க."

மூன்றாவது தட்டு, பூஸ்ட் டப்பா. அவளே துடைத்து அடுக்கியது. உள்ளே இருபத்தைந்து வோல்ட் கண்டன்சர் ஒரு பிடி இருந்தது. கிடைத்திருக்கிறது. மாற்றத்தான் போகவில்லை.

சர்க்யூட் போடும் பையன் மணிகண்டபிரபு சால்டரிங் அயர்னைக் கையில் வாங்கினான். பழைய கண்டன்சரை எடுப்பதற்குள் கை நடுங்கி, மூக்கை உறிஞ்சி, அயர்னைக் கீழே வைத்துவிட்டான். "முடியல அம்மா."

"தள்ளு," என்று ரெங்கம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அயர்னை அவள் கையில் கொடுத்ததில்லை. "தம்பி, நீங்க டார்ச்சப் பிடிங்க."

"நானா?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"போலீஸ்காரவுக, கை நடுங்காதுல்லா."

பிடித்தார். நடுங்கியது.

"எங்க பாக்கீய? நான் பாக்க எடத்துல வெளிச்சம் இருக்கணும். ஒங்க மொகத்துக்கா டார்ச்சு?"

அது அவள் வாக்கியம் இல்லை. முப்பத்தெட்டு வருடமாக வாங்கிக்கட்டிக்கொண்டது. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

முதல் பற்று ஈயம் கட்டியாக நின்றது. "சார் பாத்தா ஏசுவாரு," என்றார் கனி. "படுத்துத்தான இருக்காரு, ஏசட்டும்," என்று சொல்லிவிட்டு அதை உருக்கி மறுபடி வைத்தாள். விரலில் ஒரு சூடு பட்டது. வாயில் வைத்துக்கொண்டு, கண்டன்சரின் மைனஸ் கோடு சரியான பக்கம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள்.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி உறுமியது. சங்கத்துக்காரர்கள் கை தட்டிவிட்டார்கள். தட்டிய பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டார்கள்.

மூடியை மாட்டுவதற்கு முன் ரெங்கம்மாள் பென்சில் கேட்டாள். சீட்டில் 'தற்காலிகம்' என்பதை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: '25 போட்டாச்சு. ரெ. 18.7.2025.'

நாலேகாலுக்குச் செங்கோட்டை வழியாக டாக்சி வந்து நின்றது. நிர்மலாதேவி சூட்கேஸை டாக்சியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிமேல் படிந்திருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தாள். அப்பாவின் முகம் நேற்றுத் தூங்கப்போனது போலவே இருந்தது. அவள் பெட்டிமேல் சாய்ந்து அழுதாள்.

ஐந்தரைக்குச் சாரல் விட்டிருந்தது. அடுத்த துக்க வீட்டுக்குப் பெட்டி கேட்டு சுப்புவுக்கு இலஞ்சியிலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. சங்கிலிப்பாண்டி பக்கத்தில் வந்து குனிந்தார். கூட்டத்தைக் கலைக்கிற குரல் இல்லை.

"எடுக்கலாமா மதினி?"

ரெங்கம்மாள் பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தாள். உறுமல் சீராக உள்ளங்கையில் ஏறியது.

"இன்னும் அரை மணி ஓடட்டும் தம்பி. ஓட்டிப் பாக்காம குடுக்கப்படாது."

முகம்மது கனி எடுத்த மாலையைத் திரும்ப நாற்காலியில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார்.