ஒன்பது வினாடி

கழுத்துல அட்டை மாட்டிவிட்டாங்க: 'இணை ஆய்வாளர்'. அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. எனக்கும் தலைகால் புரியலை, பொய் சொல்வானேன்.

விஷயம் டிரைவர் இல்லாத பஸ். தானா வந்து நிக்கும், சாய்வுப் பலகையை இறக்கும், ஆள் ஏறினதும் கதவை மூடும். ஒரு ஆளுக்குக் கதவு எத்தனை வினாடி காத்திருக்கணும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் பஸ் கம்பெனியில எங்களை மாதிரி ஆறு பேரைக் கூப்பிட்டாங்க. நான் சக்கர நாற்காலி. என் பள்ளித் தோழிக்கு ரெண்டு ஊன்றுகோல். அவளுக்கு நாங்க வச்ச பேர் நிதானம். இத்தனை வருஷமும் அவ அப்பாதான் அவளை முதுகுல தூக்கி டவுன் பஸ்ல ஏத்தி, காலேஜ்ல இறக்குவார். போன மாசம் அவர் இடுப்பு போச்சு.

"இனிமே எனக்கு இந்த பஸ்தான்டி. இல்லைன்னா படிப்புக்கு முழுக்கு"ன்னா.

முதல் நாள் எனக்கு இருபத்திரண்டு வினாடி, அவளுக்கு முப்பத்தொண்ணு. கம்பெனி இன்ஜினியர் அதைக் கரும்பலகையில எழுதிப் போட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பிறந்ததுலேருந்து "பாவம், மெதுவா வரட்டும்"னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவ நான். மறுநாள் பத்தொன்பது. அடுத்த வாரம் பதினாலு. உள்ளங்கைத் தோலே உரிஞ்சுபோச்சு. மத்த நாலு பேரும் விடுவாங்களா? மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு ஏறி இறங்கிப் பழகினோம். இன்ஜினியர் கைதட்டினார். கடைசி நாள் நான் ஒன்பது!

நிதானம் மட்டும் முப்பத்தொண்ணுலயே நின்னா.

"கொஞ்சம் முயற்சி பண்ணா குறைஞ்சா போயிடுவே?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா வந்தேன்? மழையில, புத்தகப் பையோட எப்படி ஏறுவேனோ அப்படித்தான் ஏறிக் காட்டறேன்."

"அவ கிடக்கா சார், அவ எப்பவுமே அப்படித்தான்"னேன் இன்ஜினியர்கிட்ட. அவர் சிரிச்சுக்கிட்டே எதையோ குறிச்சுக்கிட்டார்.

இன்னைக்குக் காலையில பஸ் எங்க தெருவுக்கு முதல் தடவையா வந்துச்சு. நானும் அவளும் நின்னோம். வழியனுப்ப அவ அப்பாவும் வந்திருந்தார். பழக்கதோஷம், ஒரே தள்ளுல நான் ஏறிட்டேன். பஸ் அடுத்த ஆளுக்கு எண்ண ஆரம்பிச்சுது. அவ பலகைக்கு ரெண்டடி தூரத்துல இருந்தா. பலகை மடங்கிடுச்சு. கதவு மூடிடுச்சு.

"நிறுத்து! ஆள் வருது!"ன்னு கதவைக் குத்தினேன். திட்டக்கூட முன்னாடி ஒருத்தனும் இல்லை. இன்ஜினியருக்கு போன் போட்டேன்.

"சார், முப்பத்தொண்ணுன்னு எழுதினீங்களே!"

"அது ஒருத்தங்க கணக்குதானேம்மா. அவங்க எப்பவுமே அப்படித்தான்னு நீங்களே சொன்னீங்க, அதனால விட்டுட்டோம். மத்த அஞ்சு பேரும் ஒன்பதுக்குள்ளயே ஏறிட்டீங்க. எல்லா பஸ்லயும் ஒன்பதுதான் வச்சிருக்கோம். உங்க ஆராய்ச்சிதாம்மா இது."

அவர் பெருமையாத்தான் சொன்னார். அவ தலையில கல்லைத் தூக்கிப் போட்டது நான், அவரை என்ன சொல்ல?

பஸ் மெதுவா நகர்ந்துக்கிட்டிருந்துச்சு. பின்கண்ணாடி வழியா பார்த்தேன். அவ அப்பா ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, முதுகைக் காட்டினார். அவ ஏறலை. ஊன்றுகோலைத் திருப்பி வீட்டைப் பார்த்து நடந்தா, எப்பவும் நடக்கிற அதே வேகத்துல.