ஆற்றோரப் பாதையில் ஒரு வளைவு

சைக்கிளுக்கும் நடைக்கும் சேர்த்து ஆற்றங்கரையில் நான்கு மீட்டர் அகலப் பாதை. அதற்கு வரைபடம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் என்னை ‘ஸ்கேல்’ என்பார்கள். நேர்மையானவன் என்று நினைத்துவிடாதீர்கள், ஒல்லி, அவ்வளவுதான்.

அந்தக் கரையில்தான் என் அக்காவின் பஞ்சர் கடை. தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்ப். அத்தான் போன பிறகு அந்தப் பம்பை அடித்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் எப்போது போனாலும் என் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கேட்காமலே காற்றடித்து விடுவாள்.

பாதையை அவள் கடையைச் சுற்றி வளைத்துப் போட்டேன். அவளிடம் மட்டும் சொன்னேன்.

“ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாமே?”

“நான் இருக்கேன்ல. நீ பேசாம இரு, அக்கா.”

வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான் என் பேச்சைக் கேட்டாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் பெரிய இன்ஜினியர், “படம் ஒரே கசகசன்னு இருக்குப்பா, சுத்தமா ஒரு பிரிண்ட் எடு” என்றார். கம்ப்யூட்டரில் எங்கள் படம் கண்ணாடித் தாள்களை அடுக்கியது போல இருக்கும்: ஒன்றில் ஆறு, ஒன்றில் மரங்கள், ஒன்றில் அஸ்திவாரம் இல்லாத கட்டடங்கள். அந்தக் கடைசித் தாளை அணைத்தேன். கடை மறைந்தது. வளைவு மறையவில்லை.

கூட்டத்தில் பதினோரு பேர். பெரிய இன்ஜினியர் வளைவின் மேல் பேனாவை வைத்தார். “வெறும் தரையில எதுக்குப்பா இப்படி வயிறு தள்ளியிருக்கு?”

“ஸ்கேலுக்குத் தொப்பை போட்டிருச்சு சார்” என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

‘அங்க எங்க அக்கா கடை இருக்கு சார்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால், அக்காவுக்காக ரோட்டை வளைத்தவன் என்று அந்தப் பதினோரு பேரும் ஓய்வு பெறும்வரை சொல்வார்கள். நானும் சிரித்தேன்.

“கை தவறிருச்சு சார்.”

அங்கேயே நிமிர்த்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆட்சேபணைக்கு இன்னும் ஒன்பது நாள் மிச்சமிருந்தது. ஒன்பது நாளும் அக்கா கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். பிறகு வேறொரு பிரிவிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் போயிற்று.

“மேலிடத்துல மாத்திட்டாங்கக்கா.”

“நீ என்னடா பண்ணுவே, பாவம்” என்றாள்.

இடிக்கிற அன்று சாமான் ஏற்ற நானும் போனேன். வேலையைப் பார்க்க வந்த பெரிய இன்ஜினியர் தகரங்களைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“ஏம்மா, இங்க கடையா இருந்துச்சு? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுத்தி விட்டிருப்போமே. வளைவுகூட இருந்துச்சு, எதுக்குன்னு நானே கேட்டேன். நம்ம ஸ்கேல்தான் கை தவறிருச்சுன்னான்.”

அவர் போய்விட்டார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சைக்கிள் அருகே குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“காத்து கம்மி” என்றாள்.

பம்பைத் தூக்கிச் சாமான் வண்டியில் வைத்தாள்.