இன்னொரு ரூபாய்

சையத் இப்ராஹிம் பாய் கம்ப்யூட்டர் வாங்கியது கடைக் கணக்கு எழுதத்தான் என்று ஏற்காடு கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒருவரும் நம்பவில்லை. மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற கடை அது. அதன் கணக்கை அவர் எப்போதும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் வந்தது மகளுக்காக. பெங்களூருக்குப் படிக்கப் போன பரிதா, கூடப் படித்த ஒருவனை அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டாள். பையன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குற்றம். அதற்காகப் பாய் இரண்டு வருஷமாக அவளோடு பேசவில்லை. அவர் மனைவி சுபைதாக்கா வெள்ளிக்கிழமை தோறும் அருள்சாமியின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மகளிடம் பேசிவிட்டு வருவார். வீட்டில் போன் இருக்கும்போது எதற்குப் பூத் என்று பாய் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

அந்த வருஷம் ரம்ஜானுக்கு மகள் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். அடியில் அவளுடைய இ-மெயில் முகவரி இருந்தது. இரண்டு மாதத்தில் மாடி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

போனில் பேசினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். குரல் கேட்டால் ஏதாவது திட்டிவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம் என்றார். கடிதம் போட்டால் பதில் வரும் வரை தபால்காரன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெயில் என்றால் எழுதி அனுப்பிவிட்டு மிளகு மூட்டையைப் பார்க்கப் போகலாம்.

"ஒரு போன் பண்ணப் பயந்துக்கிட்டு இத்தாம் பெரிய டப்பாவ வாங்கி வெச்சிருக்காரு" என்றார் சுபைதாக்கா, எனக்கு டீ வைத்தபடி. பாய்க்குக் கேட்கட்டும் என்றே சொன்னது அது.

டப்பா வந்ததே தவிர இன்டர்நெட் வரவில்லை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஏரிக்கரை லாட்ஜில் ராத்திரி ரிசப்ஷனில் உட்காருகிறவன். சேலத்தில் பாலிடெக்னிக்கை இரண்டாவது வருஷத்தோடு விட்டவன். தொண்ணூற்றொன்பதில், எங்கள் ஊரில், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பேர் வாங்க அது போதும்.

முதல் நாள் போன் ரிசீவரை எடுத்துக் கேட்டேன். டயல் டோன் இருந்தது. மலைப் பனியில் வயர் நமுத்திருக்கும் என்று நினைத்துச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே எறும்புக் கூடு. சுரண்டி எடுத்து, வயரைப் புதிதாக முடுக்கினேன். பலனில்லை. போன் லைன் வழியாக இன்டர்நெட்டை இழுக்கிற மோடம் பெட்டிக்குப் போகிற வயரை மாற்றினேன். அடுத்த தடவை மோடத்தின் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரே செய்திதான் வந்தது: நீங்கள் அழைக்கும் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை.

பாய் விடவில்லை. தினமும் மத்தியானத் தொழுகை முடித்து, சாப்பிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மாடிக்கு வருவார். திரையில் 'கனெக்ட்' என்ற கட்டத்தை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். பதில் இல்லையென்றால் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். மூன்று நான்கு தடவை பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிப் போவார். இரண்டு வாரம் இப்படி நடந்தது. கடைசியில் அவர் என்னிடம் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை. அந்தப் பக்கம் மகள் அந்த முகவரியை இன்னும் வைத்திருப்பாளா, இல்லை சலித்துப்போய் விட்டிருப்பாளா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன்.

மூன்றாவது தடவை போனபோதுதான் மோடத்தில் சத்தமே வராதது உறைத்தது. டயல் பண்ணும்போது அது கீச்சிட வேண்டும், கரகரக்க வேண்டும். ஏன் ஊமையாக இருக்கிறது என்று கேட்டேன். வந்த அன்று அது கத்திய கத்தலில் சுபைதாக்கா பயந்துவிட்டாராம். பாய் பின்பக்கத்தில் இருந்த திருகைக் கடைசி வரைக்கும் குறைத்து வைத்திருந்தார். நான் திருகைக் கூட்டிவிட்டு டயல் பண்ணச் சொன்னேன். நம்பர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

கீச்சொலி வரவில்லை. ஒரு பெண் பேசினாள்.

"சுப்பிரமணி... கண்ணு."

பாய் என்னைப் பார்த்தார். நான் மோடத்தைப் பார்த்தேன்.

"வந்துட்டியா. இன்னைக்கு நேரமாச்சே, காணோமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பேச வேண்டாஞ் சாமி. நீ இருக்கறது தெரிஞ்சாப் போதும்."

இடையில் மோடம் தன் வேலையாக ஒரு சின்ன 'பீப்' விட்டது. எதிரில் இருப்பது கம்ப்யூட்டரா என்று கேட்கிற சத்தம் அது.

"அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். அப்பா மில்லுக்குப் போயிட்டாங்க. இப்பெல்லாம் அவங்க ஒண்ணுஞ் சொல்றதில்ல. உள்ளூர்லதான இருக்கற? கதவு நான் சாத்தறதே இல்ல..."

மறுபடி பீப். மறுபடி.

"காசு முடியுதாட்ட இருக்குது. இன்னொரு ரூபா போடு கண்ணு."

துண்டித்துக்கொண்டது. திரையில் அதே செய்தி: நீங்கள் அழைக்கும் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை. அடியில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. நான் நிறுத்தியிருக்க வேண்டும். கை போகவில்லை. கம்ப்யூட்டர் தானாகவே திரும்ப டயல் பண்ணியது. மணி முழுதாக அடிக்கக்கூட இல்லை.

"போட்டுட்டியா, சாமி" என்றாள்.

நான் வயரைப் பிடுங்கினேன்.

பிறகு பாய் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். நம்பர் தப்பு. சேலத்தில் யார் வீட்டுக்கோ போகிறது. ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனில் காசு முடியும்போது இந்த மாதிரிதான் பீப் அடிக்கும், அப்புறம் அறுந்துவிடும். அதில் உள்ளூருக்கு மட்டும்தான் பேசலாம். ஓடிப்போன பையன் ஊரிலேயே எங்கோ நின்றுகொண்டு ஒற்றை ஒற்றை ரூபாயாகப் போட்டுக் கூப்பிடுகிறான், ஆனால் வாய் திறக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு ரூபாய் போடச் சொன்னால் உடனே திரும்ப மணி அடிக்கிறது. நம்பாமல் என்ன செய்வாள்?

பாய் தன் சட்டைப்பையில் இருந்த துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். இன்டர்நெட் நம்பரைக் கம்ப்யூட்டர் விற்ற சேலத்துக் கடைக்காரர் அதில் சரியாகத்தான் எழுதியிருந்தார். வந்த மறுநாளே எதையோ அழுத்தி அதை அழித்துவிட்டு, தானே திரும்ப அடித்தாராம் பாய். நடுவில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. திரையில் இருந்த நம்பரை நான் ஒரு தடவைகூடச் சீட்டோடு ஒத்துப் பார்க்கவில்லை. எறும்புக் கூட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

எண்களை மாற்றிப் போட்டேன். இந்தத் தடவை மோடம் கத்தியது. சுபைதாக்கா ஈரக் கையோடு ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையின் மூலையில் இரண்டு சின்ன கம்ப்யூட்டர் படங்கள் எரிந்தன. இணைந்துவிட்டது. மெயில் பக்கம் மேலிருந்து கீழே, வரி வரியாக இறங்கியது. மகளுடைய முகவரியை நானே அடித்துக் கொடுத்து, நாற்காலியை விட்டு எழுந்தேன்.

பாய் உட்கார்ந்தார். ஒரு விரலால் எஃப் என்று அடித்தார். பரிதா என்ற பெயரை இங்கிலீஷில் முழுதாக அடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி எஃப் என்று அடித்தார்.

"பொன்னுவேலு, இத நிறுத்துப்பா."

என்னவென்று கேட்டேன்.

"போன் பேசணும்."

எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, பகல் தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்து வாங்கிக் கொடுத்த கனெக்‌ஷன். வீட்டில் இருப்பது ஒரே லைன். இன்டர்நெட் ஓடினால் போன் பேச முடியாது, போன் பேசினால் இன்டர்நெட் ஓடாது. "ஏனுங்க பாய், இப்பத்தானுங்க வந்துச்சு. அறுத்தா மறுபடி கெடைக்குமோ என்னமோ" என்றேன். முதலில் எழுதி முடிக்கட்டும் என்றும் சொன்னேன்.

"அந்தம்மா நாளைக்கும் போன் பக்கத்துலயே ஒக்காந்திருக்கும்" என்றார்.

துண்டித்தேன். திரையில் இருந்த தப்பு நம்பரை முன்பே அழித்துவிட்டேன். ஆனாலும் சீட்டைப் பார்த்து, இரண்டு எண்களை மாற்றி, பாயே கையால் சுழற்றினார். அந்தப் பக்கம் குரல் பெரிய குரல். ரிசீவரைத் தாண்டிக் கேட்டது.

பாய் சலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று தடுமாறி, இரண்டையும் விட்டுவிட்டு, தன் பெயரையும் ஊரையும் சொன்னார். இத்தனை நாள் கூப்பிட்டது தன் வீட்டு மெஷின் என்றார். தெரியாமல் நடந்துவிட்டது என்று மூன்று விதமாகச் சொன்னார். அவள் நம்பவில்லை. யார் சொல்லி இப்படிப் பேசுகிறீர்கள், சுப்பிரமணி பக்கத்தில் நிற்கிறானா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்போ அந்த பீப் பீப் சத்தம் என்று கேட்டாள். அதுவும் மெஷின்தான் என்றார்.

பாய் ரிசீவரை இறுக்கிப் பிடித்திருந்தார். வைத்துவிட்டாளோ என்று நான் நினைத்த நேரத்தில் குரல் வந்தது. கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

"நாம் பேசுனதெல்லாங் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"இன்னைக்கு மட்டுந்தாம்மா. அல்லா மேல ஆணையா. சோறு ஆக்குனது மட்டுந்தான் கேட்டேன்."

"அவன் போயி ஒரு வருசமாச்சுங்க" என்றாள். அவள் பெயர் வேலம்மாள் என்றும், வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் என்றும் அவளாகவே சொன்னாள். பாய் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"செரிங்க. நீங்க போனை வெச்சுருங்க. லைனு சும்மா இருக்கோணும். அவன் கூப்புட்டாலுங் கூப்புடுவான்."

வைத்துவிட்டாள்.

பாய் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். அது ஊவென்று முனகிக்கொண்டிருந்தது. மறுபடி இன்டர்நெட் போடலாமா என்று கேட்டு வயரை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். போடச் சொல்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று புரியவில்லை. பிறகு மனைவியைப் பார்க்காமலே கேட்டார்:

"நம்பரு என்ன, சுபைதா?"

சுபைதாக்கா எந்த நம்பர் என்று கேட்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். பாய் ஒவ்வொன்றாகச் சுழற்றினார். பாதியில் ஒரு தடவை நிறுத்தினார். சுபைதாக்கா அந்த எண்ணையே இன்னொரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். இந்தக் குரல் வெளியே கேட்கவில்லை.

"நாந்தான்" என்றார் பாய். பிறகு, "அத்தா" என்றார், அப்பா என்று தன்னை யாருக்கோ அறிமுகப்படுத்துகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல இல்ல, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லாருக்கா. இந்தா நிக்கிறா." அப்புறம், "கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன். ஒனக்கு மெயில் எழுதலாம்னுதான் ஒக்காந்தேன். எழுத வரல. நீ பேசு."

நான் அங்கே நிற்பதில் அர்த்தமில்லை. படி இறங்கிக் கடைக்கு வந்தேன். பாதி சாத்திய கதவுக்கு வெளியே நாகலூர்ப் பாவாயி மிளகுக் கூடையோடு நின்றிருந்தாள். எடை போட ஆளில்லையா, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சத்தம் போட்டாள். பாய் போன் பேசுகிறார் என்றேன்.

"போனு பேச இதா நேரம்? யாருகிட்டயாமா?"

"மககிட்டங்க."

பாவாயி மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். மூட்டை மேல் உட்கார்ந்து மடியில் இருந்து வெற்றிலையை எடுத்தாள். பஸ் வந்து, நின்று, நாகலூர் நாகலூர் என்று கத்திவிட்டுக் கிளம்பியது. அவள் எழுந்திருக்கவில்லை.