கடிகாரத்துக்குள் ஒரு லென்ஸ்

கெட்டுப்போன சாமான்களைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு, கலர் விளக்குப் போட்டுப் படம் எடுப்பது என் வேலை. "செத்துப்போன மிஷினுக்கெல்லாம் கல்யாண போட்டோ எடுக்கிறவ எங்கக்கா" என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அவள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு. போன சனிக்கிழமை வந்தபோது, நின்றுபோன மேஜைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். எண்கள் ஒளிருகிற கறுப்புக் கடிகாரம். மறுநாள் காலையிலேயே பிரித்துத் தொங்கவிட்டேன். நீல விளக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சிவப்பை அவள் கையில் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழே பிடிடி."

பிடித்தாள். முன்பக்கத் தகட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த துண்டில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. திருகாணி என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். பதினாறு வருஷமாக லென்ஸ் துடைத்துச் சோறு தின்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? கடுகளவு லென்ஸ். பக்கத்திலேயே மெமரி கார்டு.

திரையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"இதை எங்கே வாங்கினே?"

"வாங்கலையே. குடிவந்த அன்னிக்கு வீட்டுக்கார அங்கிள் குடுத்தார். ஏன்?"

"எங்கே வச்சிருந்தே?"

"கட்டிலுக்கு நேர் எதிர்ல..."

என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கேமரா திரையை. கையிலிருந்த விளக்கு சாய்ந்து சுவரெல்லாம் சிவப்பானது.

"நின்னுபோனதும் ரெண்டு தடவை கேட்டாருக்கா. 'குடும்மா, நானே ரிப்பேர் பண்ணித் தரேன்'னு."

தரையில் உட்கார்ந்து துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் அந்தக் கார்டுப் பக்கம் கை நீட்டியதும் கத்தினாள்:

"போட்டுப் பார்க்காதே! நீகூடப் பார்க்காதேக்கா!"

பார்க்கவில்லை. தொங்கியது தொங்கியபடி ஒவ்வொன்றையும் வெள்ளை விளக்கில் படமெடுத்தேன். எல்லாவற்றையும் கவரில் போட்டு, அவளுடைய ஊருக்கே போய், காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். பெண் இன்ஸ்பெக்டர் எதுவும் துருவிக் கேட்கவில்லை. நான் எடுத்த படங்களைப் பார்த்தார், ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாம்மா, அதுக்குள்ள வந்துட்டியா?" என்று சிரித்தார். பின்னால் வந்த சீருடையைப் பார்த்ததும் குழாய் கையிலிருந்து நழுவியது. அவர் அறைக்குள்ளிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாடியில் இன்னும் மூன்று அறைகள், மூன்று பெண்கள். இன்ஸ்பெக்டர் படியில் கால் வைத்தபோது தங்கை தடுத்தாள்.

"நானே சொல்றேன் மேடம்."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முதல் இரண்டு பேரும் அழுதார்கள். மூன்றாவது பெண் சிரித்துவிட்டாள்.

"அங்கிளா? ஜுரம் வந்தப்போ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனவர்டி! சும்மா ஏதாவது சொல்லாதே."

தங்கை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். கொடியில் கிடந்த ஈரத் துண்டை உருவி, மேஜைமேல் இருந்த அதேமாதிரிக் கறுப்புக் கடிகாரத்தின் மீது போட்டு மூடினாள்.