இருபத்தைந்தாவது வட்டம்

துறையில் அவளைப் ‘பூதக்கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐரோப்பிய ரசவாதிகள் எழுதி வைத்த ஒரு கையெழுத்துப் புத்தகத்தை ஆறு வருஷமாகத் துருவித் துருவிப் பார்த்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் புத்தகத்தில் ஆங்காங்கே ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது சூரியன், சூரியன் என்றால் பொன், பொன் என்றால் ரகசியச் சங்கத்தின் முத்திரை என்று எழுதித்தான் அவளுடைய நெறியாளர் பேராசிரியரானார். முப்பது வருஷமாக அந்த வட்டத்தை வைத்தே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

நூலகத்தில் பைண்டிங் போடுகிறவர் ஒரே பார்வையில் போட்டு உடைத்துவிட்டார்.

“இது எங்க ஆளுங்க வேலைம்மா. எட்டு எட்டுத் தாளா மடிச்சுத் தைப்போம். ஒவ்வொரு கட்டுலயும் எது முதல் தாள்னு தெரியணும்ல? அதுக்கு ஒரு அடையாளம். சங்கமாவது, மண்ணாங்கட்டியாவது!”

தன்னிடமிருந்த ஜெராக்ஸை வைத்து எண்ணினாள். எட்டுத் தாளுக்கு ஒன்று, மொத்தம் இருபத்தைந்து. அதையே ஒரு அத்தியாயமாக எழுதிக் கொடுத்தாள். பேராசிரியர் காகிதக் கட்டை மேஜையில் விட்டெறிந்தார்.

“வளத்து விட்ட எனக்கே குழி பறிக்கிறியா? இதைத் தூக்கு. இல்லன்னா என் கையெழுத்து கிடைக்காது. பட்டத்தை மறந்துடு.”

“நீங்களே எண்ணிப் பாருங்க சார்.”

“வெளியே போ!”

மறுவாரம் மூலப் புத்தகத்தைப் பார்த்தபோது அவளுக்கே பகீரென்றது. கடைசிக் கட்டில் இருந்தது வட்டமே இல்லை, பூச்சி அரித்த ஓட்டை. திருத்தம் சொல்லப் போனாள். அவர் கதவைத் திறக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து ஆய்விதழில் அவருடைய புதுக் கட்டுரை வந்தது. தன் பழைய கருத்தைத் தானே மறுக்கிறாராம், வட்டம் பைண்டரின் அடையாளமாம். என்ன நேர்மை, என்ன பெருந்தன்மை என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். அடிக்குறிப்பில், நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுத்த மாணவிக்கு நன்றி. கூடவே அவளுக்கு ஒரு கடிதம்: ‘ஏற்கெனவே வெளிவந்த கண்டுபிடிப்பு உன் ஆய்வேட்டில் இருக்கக் கூடாது. நீக்கவும்.’

அடப்பாவி, திருடியதும் இல்லாமல் நன்றி வேறா! கட்டுரையை மறுபடி விரித்தாள். ‘மூலத்தின் ஒவ்வொரு தாளையும் என் கையாலேயே புரட்டி எண்ணினேன். வட்டங்கள் இருபத்தைந்து. கடைசி வட்டம் மிகத் தெளிவு.’ கடைசி வாக்கியம் அவள் அத்தியாயத்தில் எழுதியது, ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அன்றே ஆய்விதழுக்கு எழுதினாள்.

“வட்டங்கள் இருபத்து நான்குதான். இருபத்தைந்தாவது, பூச்சி அரித்த ஓட்டை. ஜெராக்ஸைப் பார்த்து ஏமாந்து நான் செய்த தவறு அது. தேதியோடு என் வரைவை இணைத்திருக்கிறேன். மூலத்தைக் கையாலேயே புரட்டியவருக்கு என் தவறு எப்படிக் கிடைத்தது என்று தயவுசெய்து அவரையே கேளுங்கள்.”