எடில் கேட்ட தொண்ணூறு நாள்

எடில்பெர்தோ சிகரெட்டை விட்டுவிட்டான் என்ற செய்தியை பாயிஸ் ஊர்ப் பேருந்து நிலையத்து ட்ரைசைக்கிள்காரர்களில் ஒருவரும் நம்பவில்லை.

"என்னடா எடில், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான் போலோய். நீட்டிய சிகரெட் அவன் கையிலேயே நின்றது.

"விட்டுட்டேன்."

"எப்போ?"

"காலையில."

"இப்ப மணி ஒன்பது. அடேயப்பா, பெரிய சாதனைதான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எடிலும் சிரித்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போனான். வேலை எதுவும் இல்லாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளோடு பூட்டிய, பயணிகள் உட்காரும் பக்கப்பெட்டியின் தகரத்தை அன்று நான்கு முறை துடைத்தான்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் சரையாவைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, வழக்கம்போல எதிரே வேப்ப நிழலில் வண்டியை நிறுத்தி, புகைத்தபடி காத்திருந்தான். வெளியே வந்தவள் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "ஜூன் மாசம் எட்டு வயசு ஆகுற பிள்ளைங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம். யார் குடுப்பாங்கன்னு டீச்சர் ஒவ்வொருத்தரா கேட்டாங்க. எங்க அப்பான்னு சொன்னேன்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த பிள்ளையக் கேக்கப் போயிட்டாங்க."

அந்த 'ஒண்ணும் சொல்லல' அவனை வீடு வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது.

மார்மன் சபையில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. ஒழுங்காக இருக்கிற எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுக்கலாம். எடிலுக்கும் அந்த அதிகாரத்தைத் தலையில் கைவைத்துக் கொடுத்திருந்தார்கள், பத்து வருஷத்துக்கு முன்னால். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு ஊழியப் பையன்கள் சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் நின்ற காலம் அது. மனைவி ஜெனலின் அவர்கள் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் எடிலும் தண்ணீருக்குள் இறங்கினான். சபை விதிப்படி ஒரு வருஷம் காபி இல்லை, கள் இல்லை, புகை இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் ஜெனலின் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஹாங்காங் போனதும், அவனைக் கேட்க வீட்டில் ஆளே இல்லாமல் போயிற்று.

ஆனால் சரையாவைத் தேவாலயத்துக்கு அனுப்ப மட்டும் அவன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அவள் தலையை இரண்டு பின்னலாகப் பின்னக் கற்றிருந்தான். கவுனுக்கு இஸ்திரி போடுவான். எல்லாம் வாசல் வரைக்கும்தான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஜெனலின் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னான். செவ்வாய்தான் அவளுக்கு ஓய்வு நாள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு ஆளுக்கொரு நாள் ஓய்வு என்பதால் அங்கே சபை வாரநாட்களிலும் கூடும்.

"நிஜமாவா?" என்றாள். "ஜூன் பத்து எனக்கு லீவு ஆரம்பிக்குது எடில். பதினாலாம் தேதி ஞானஸ்நானம் நடக்குறப்ப நான் கடற்கரையில நின்னு பாக்கணும்."

"பாப்பே."

சிகரெட்டைவிடக் காபிதான் அவனைப் படுத்தியது. முதல் வாரம் தலை பிளந்துபோகிற மாதிரி வலித்தது. வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்துக் குடித்தான். பயணிகளிடம் எரிந்து விழுந்தான். ஒரு கிழவர் பாதி வழியில் இறங்கி, "உன் வண்டில போறதுக்கு நடந்தே போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் தலைவலி நின்றது. ஐந்தாவது வாரம் அவன் தேவாலயத்துக்குள் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். சரையா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐம்பத்து நான்காவது நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜெனலினிடமிருந்து போன் வந்தது. செவ்வாய் அல்லாத நாளில் அவள் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது.

"நான் பாத்துக்கிற அம்மா குளியலறையில விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. என்னை விட்டா யாரையும் தொடவிட மாட்டேங்கிறாங்க. அவங்க மகன் கெஞ்சினாரு. லீவுக்கு டிசம்பர்ல போறேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? என்னைக் கேக்காமலா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல வச்சுக் கேக்கிறாங்க எடில். எப்படி மாட்டேன்னு சொல்றது? நீ ஜூன்லயே குடுத்துடு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

எடில் போனைச் சட்டைப் பையில் போட்டான். நேரே போலோயிடம் போனான். போலோயின் மச்சான் அன்று இறக்கிய கள் ஒரு குடம் இருந்தது. முதல் சிகரெட்டை எடில் கேட்டு வாங்கினான், இரண்டாவது தானாக வந்தது. மூன்றாவது கோப்பைக் கள்ளுக்குப் பிறகு போலோயே, "போதும்டா, வீட்ல குழந்தை இருக்கு" என்று வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

சபைக் கிளையின் தலைவர் வில்லாமோர், வாரம் ஆறு நாளும் மோட்டார் பட்டறைக்காரர். திங்கட்கிழமை எடில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போனான். அவர் செயினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டான்.

"பிரசிடெண்ட், வெள்ளிக்கிழமை குடிச்சேன். புகைச்சேன்."

வில்லாமோர் நிமிரவில்லை. "அதுக்கப்புறம்?"

"இல்ல."

"யாரும் உன்னைப் பத்தி எங்கிட்ட வந்து சொல்லல, எடில்."

"சொல்ல மாட்டாங்க. நான்தான் சொல்றேன்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "இங்க பாரு. தகப்பன் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க இடம் இருக்கு. ஐம்பது நாள் இருந்திருக்கே. ஒருநாள் விழுந்தே. வந்து சொல்லிட்டே. ஜூன் பதினாலாம் தேதி நீயே குடு. நான் சம்மதிக்கிறேன்."

எடில் கீழே எண்ணெய் படிந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போ என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாயிற்று. நுழைய வேண்டியதுதான் பாக்கி.

"வேண்டாம் பிரசிடெண்ட்."

"ஏம்ப்பா?"

"விட்டுட்டேன்னு சரையாகிட்ட சொல்லியிருக்கேன். அது பொய்யாப் போச்சு. இன்னிக்கு நீங்க மன்னிச்சு விட்டா, அடுத்த தடவை நானே என்னை மன்னிச்சு விட்டுக்குவேன். என்னை எனக்குத் தெரியும். தொண்ணூறு நாள் குடுங்க. ஒருநாளும் விழாம தொண்ணூறு நாள்."

"குழந்தை காத்திருக்கணுமே."

"அதை நான்தான் அவகிட்ட சொல்லணும்."

சொன்னான். அன்றே, கருவாடும் சோறும் போட்டு உட்காரவைத்துச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. சரையா தட்டைத் தள்ளினாள்.

"எல்லாப் பிள்ளைங்களும் பதினாலாம் தேதி முடிச்சிருவாங்க. நான் மட்டும் நிப்பேன்."

"பிரசிடெண்ட் குடுக்கட்டுமா? அவர் நல்ல மனுஷன். பதினாலாம் தேதியே முடிஞ்சிரும்."

"நான் எங்க அப்பான்னு சொல்லியாச்சு!" என்று கத்திவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் பையோடு நேரே பேருந்து நிலையத்துக்கு வந்து, அவன் வண்டியின் பக்கப்பெட்டிக்குள் ஏறி நோட்டுப் புத்தகத்தை விரித்தாள்.

"என்ன இங்க?"

"வீட்டுப்பாடம்."

"வீட்ல செய்யலாமே?"

"இங்கதான் செய்வேன். தொண்ணூறு நாளும்."

பயணி வந்தால் இறங்கிப் பெஞ்சில் உட்காருவாள். வண்டி திரும்பியதும் ஏறிக்கொள்வாள். போலோய் முதல் நாள் தெரியாமல் அவள் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தான். அவள் பென்சிலை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் அணைத்தான். அந்த வாரத்துக்குள் புகைக்கிறவர்கள் எல்லாரும் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய்ப் புகைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"உன் பொண்ணு பெரிய போலீஸ்டா" என்றான் போலோய். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு பண்ணதில்ல."

ஜெனலின்தான் பொறுக்கவில்லை. "உன் வீறாப்புக்குக் குழந்தையா கெடச்சா? பிரசிடெண்டே சரின்னுட்டாரு, உனக்கென்ன? நான் இங்க ஒரு முழு மனுஷியத் தூக்கித் திருப்பிப் போடுறேன். உன்னால ஒரு சிகரெட்டைக் கீழ போட முடியல!"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஜூன் பதினாலாம் தேதி மற்றப் பிள்ளைகள் ஈரத் தலையோடு கரையேறியதை சரையா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவள் பிடி வலித்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஜெனலின் குழந்தையோடு மட்டும் பேசிவிட்டு வைத்தாள்.

ஜூலையில் ஒரு நாள் அவனையே கூப்பிட்டாள்.

"உன்னைத் திட்டினேன் இல்ல? நான் சர்ச்சுக்குப் போய் ஏழு வாரம் ஆச்சு எடில். ஒரு செவ்வாயும் என்னை விடல. நானும் கேக்கல. சரையாகிட்ட மட்டும் போனேன், போனேன்னு சொல்லிட்டு வர்றேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தா தூக்கம்தான் வருது."

அவள் தளர்ந்து அவன் பார்த்ததே இல்லை. வீட்டில் நம்பிக்கை என்பது அவள் கவனித்துக்கொள்கிற ஒன்று என்றே அவன் இத்தனை வருஷம் இருந்துவிட்டான்.

"அந்த அம்மா மத்தியானம் எப்போ தூங்குவாங்க?"

"ரெண்டு மணிக்கு. ஒரு மணி நேரம். ஏன்?"

"செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்குப் போனை எடு."

அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்கு வண்டியைக் கரும்பு ஆலைச் சாலையில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, சரையாவின் பையிலிருந்து எடுத்து வந்த மார்மன் புத்தகத்தைத் திறந்து ஓர் அதிகாரம் வாசித்தான். பெயர்கள் எல்லாம் நாக்கில் சிக்கின. ஒரு ராஜாவின் பெயரை மூன்று விதமாகச் சொன்னான். ஜெனலின் சிரித்துவிட்டாள். பிறகு அவன் வாய்விட்டு ஜெபம் செய்தான், கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக. "ஆண்டவரே, என் பொண்டாட்டிக்கு முதுகு வலிக்குது" என்று தொடங்கியவனுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அவ்வளவுதான். ஆமென்" என்றான்.

"ஆமென்" என்றாள் அவள். அழுவது கேட்டது.

ஒரு செவ்வாயும் விடவில்லை. எழுபதாம் நாள் போலோயின் பிள்ளைக்குப் பெயர்சூட்டு விருந்து. முழுப் பன்றி சுட்டு, கள் குடம் குடமாக வந்தது. எடில் போனான், வயிறு முட்டச் சாப்பிட்டான், இளநீர் குடித்தான், ஒன்பது பேரிடம் வசை வாங்கினான், திரும்பி வந்தான். அந்த நாள் சுலபமாகவே இருந்தது. எண்பத்தொன்றாம் நாள், ஒன்றுமே நடக்காத ஒரு மழை மதியத்தில், வெறுமனே ஒரு சிகரெட் வேண்டும் போலிருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. பள்ளி விடும் வரை மழையில் வண்டியை ஊரைச் சுற்றிச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை, காலை ஏழு மணி, கடல் ஏறியிருந்த நேரம். இரவல் வாங்கிய வெள்ளைக் கால்சட்டை எடிலுக்குக் கணுக்காலுக்கு மேல் நின்றது. சரையா வெள்ளை உடையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். போனைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும், கத்தோலிக்கனான போலோய் தானே வந்து கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றான். போனுக்குள் ஜெனலின், அவளுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் அந்த மூதாட்டி.

எடில் வலது கையை உயர்த்தி, மகளின் முழுப் பெயரையும் சொல்லி, சொல்லவேண்டிய வார்த்தைகளைப் பிசகாமல் சொல்லி, அவளைப் பின்னால் சாய்த்து அமிழ்த்தித் தூக்கினான்.

"முடி மிதந்துச்சு!" என்றார் சாட்சியாக நின்ற வில்லாமோர். உடம்பு முழுவதும், முடி உட்பட, தண்ணீருக்குள் போக வேண்டும். இல்லையென்றால் மறுபடியும்.

மறுபடியும் சொன்னான், மறுபடியும் அமிழ்த்தினான். ஓர் அலை வந்து தூக்கியதில் அவளுடைய கால் விரல்கள் மேலே வந்துவிட்டன.

"கால்!" என்றார் இன்னொரு சாட்சி.

சரையா உப்புத் தண்ணீரைத் துப்பினாள். "அப்பா, நல்லா அமுக்கு. பயப்படாத."

"மூச்சு?"

"நான் பாத்துக்கிறேன். அமுக்கு."

மூன்றாவது முறை அவன் அவளோடு சேர்ந்து தானும் கழுத்து வரை இறங்கினான். பச்சைத் தண்ணீருக்கடியில் அவள் முகம் இறுக்கிக் கண்மூடிக் கிடந்ததை ஒரு நொடி பார்த்தான். தூக்கினான்.

இரண்டு சாட்சிகளும் தலையசைத்தார்கள்.

கரைக்கு வந்ததும் போலோய் போனை நீட்டினான். ஜெனலின் முகமெல்லாம் ஈரம். "இந்த அம்மா என்னன்னு கேட்டாங்க. என் பொண்ணுக்கு ஞானஸ்நானம்னு அவங்க பாஷையில சொல்லத் தெரியல. பாவம் கழுவுறாங்கன்னு சொன்னேன். மூணு தடவையா, எட்டு வயசுல அவ்வளவா பண்ணிட்டான்னு கேக்கிறாங்க!"

சரையா துண்டுக்குள்ளிருந்து, "அதுல ரெண்டு அப்பாவோடதுன்னு சொல்லும்மா" என்றாள்.

டிசம்பரில் ஜெனலின் வந்தாள். இருபது நாள் இருந்தாள். மூன்று ஞாயிறும் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஆராதனையில் அப்பத்தை ஆசீர்வதிக்க எடிலை அழைத்தார்கள். அவள் பணத்தில் கட்டிவரும் புது வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. இன்னும் ஓர் ஒப்பந்த காலம் அவள் ஹாங்காங் போவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை ஓய்வு என்பதை, வேறு ஆள் வைத்தாவது தருவதாக, மூதாட்டியின் மகன் எழுதித் தரும் வரை அவள் கையெழுத்துப் போடவில்லை. அவர் நான்கு நாள் முரண்டு பிடித்தார். ஐந்தாம் நாள் எழுதி அனுப்பினார்.

படகுத் துறையில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எடிலுக்குக் கண் மறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அழுது முடிச்சிட்டுச் சொல்லுப்பா" என்றாள் பக்கப்பெட்டியிலிருந்து சரையா. "எனக்கு எட்டு மணிக்கு ஸ்கூல்."