தூசி இல்லாத குழிகள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் ரிப்கா அந்த டிஸ்க்கைப் பதினொரு தரம் கழற்றிக் குத்திவிட்டாள். பதினொரு தரமும் புது மேக் கம்பியூட்டர் ஒரே பதிலைத்தான் சொன்னது: இந்த டிஸ்க்கை வாசிக்க முடியாது. அதோடு விட்டதா என்றால் இல்லை. வேண்டுமென்றால் மொத்தத்தையும் துடைத்துப் புதிதாக்கித் தருகிறேன் என்று ஒரு பொத்தானையும் நீட்டியது. பன்னிரண்டாம் தரம் அவளுடைய விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. திடுக்கிட்டுக் கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

டிஸ்க்குக்குள் இருந்தது இனாயாவின் கல்யாணம், பெண்கள் பக்கம் முழுவதும். காத்தான்குடியில் பெண்கள் பக்கத்தைப் பெண்தான் படம் எடுப்பாள், பெண்தான் வெட்டி ஒட்டுவாள். வீடியோ மணப்பெண் வீட்டுக்குப் போனதும் அந்தக் கல்யாணம் டிஸ்க்கிலிருந்து துடைக்கப்படும். எட்டு வருடமாக ரிப்காவின் தொழில் நிற்பது ஒரே ஒரு வாக்கின் மேல்: ஆம்பிளைக் கண் படாது.

அந்த வாக்குக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் வேலை டிஸ்க்குக்கு விண்டோஸ் பூட்டுப் போட்டாள். கடவுச்சொல்லை ஒரே ஒரு தரம் அடித்தாள். இனிமேல் இந்தக் கம்பியூட்டரில் தானாகத் திறக்கட்டுமா என்று கேட்டது. திறக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து அந்தப் பழைய கம்பியூட்டர்ப் பெட்டி டிஸ்க்கைக் கண்டதும் திறந்தது, அவளும் கடவுச்சொல்லைச் சுத்தமாக மறந்துபோனாள். சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டுக் கதவை விற்றவள் கதை. பெட்டியை விற்றது ஞாயிற்றுக்கிழமை, புளியந்தீவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெயரூபனுக்கு.

போன் அடித்தது. இனாயாவின் உம்மா ஸஹீதா.

"மகள், நாளைக்கு அஸறு தொழுகைக்குப் பொறகு எல்லாரும் வாறாங்க. மாப்புள வீட்டுப் பொம்புளைகள் ஓட்டமாவடியிலருந்து வேன் புடிச்சி வாறாங்க. நாப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லிட்டன். வீடியோ முடிஞ்சிதானே?"

"முடியிற கட்டம் மாமி."

"ஒரு ஆம்பிளையும் பார்க்கல்லதானே?"

"என்ன மாமி, இண்டைக்குத்தானா என்னத் தெரியும்?"

ரிப்கா போனை வைத்துவிட்டு மேக்கைப் பார்த்தாள். முடியிற கட்டமாம். பாதி வெட்டின கல்யாணம் பூட்டுக்குள் கிடக்கிறது.

கமெரா பிடிக்கிற ஸஹ்ரா, ரிப்காவின் சாச்சி மகள், தங்கை முறை, கட்டிலில் குந்தியிருந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். "சந்திக் கடையில போன் திருத்துற ஆள்ட குடுத்தா அஞ்சி நிமிசத்துல திறந்து தருவான் ராத்தா."

"திறப்பான். மறுகா பார்ப்பான்."

"அப்ப பழைய பெட்டிதான் வழி."

"எழும்பு. ஸ்கூட்டிய எடு."

மேக்கையும் டிஸ்க்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று அபாயாவைப் பிடித்து இழுத்தது. ரிப்காவின் மனம் அதற்கு முன்னாலேயே பாலத்தைத் தாண்டிப் போய்ப் பேரம் பேசத் தொடங்கியிருந்தது. அவளுடைய வாப்பா கச்சி முகம்மது பிரதான வீதியில் முப்பது வருடம் துணிக்கடை வைத்துச் சாரம் விற்றவர். சாமான் வேண்டுமென்ற ஆசையை முகத்தில் காட்டாதவன்தான் விலையைத் தீர்மானிப்பான் என்பது அவருடைய கடையின் சட்டம். சும்மா இந்தப் பக்கம் வந்தம், பெட்டி எப்படி இருக்கு எண்டு பார்க்க வந்தம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஸஹ்ராவுக்கும் சொல்லிவைத்தாள்.

ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தபோது ஜெயரூபன் பழைய பெட்டியின் முன்னால் பென்ட்ரைவும் கையுமாகக் குனிந்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. நல்ல நேரம். இப்பதான் பழசெல்லாம் அழிச்சிப்போட்டு விண்டோஸ் புதுசாப் போடப்போறன்."

"கைய எடுங்க!"

தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். ஸஹ்ரா கண்ணை மூடிக்கொண்டாள். கச்சி முகம்மதுவின் கடையில் ஒரு வாடிக்கைக்காரி இப்படிக் கத்தியிருந்தால், அவர் தேத்தண்ணி வரவழைத்துவிட்டு விலையை இரட்டிப்பாக்கியிருப்பார். ஜெயரூபனும் பென்ட்ரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குச் சொன்னார்.

இனி மறைத்துப் பயனில்லை. ரிப்கா விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்வளவுதானா? டிஸ்க்கத் தாங்க. இஞ்சயே திறந்து கொப்பி எடுத்துத் தாறன்."

"ஒண்ணா அண்ணன். திறந்த உடன ஸ்கிரீன் முழுக்கப் பொம்புளைகள்ற முகம் வரும். நீங்க நல்ல மனிசன்தான். ஆனா நான் சொன்ன சொல்லு உங்களுக்கு வேற, மத்த ஆக்களுக்கு வேற எண்டு இல்ல."

ஜெயரூபன் டிஸ்க்குக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு தலையாட்டினார். "அது சரி. அப்ப?"

"பெட்டிய ரெண்டு நாளைக்குத் தாங்க, மிச்சத்த வீட்டுல வெச்சி வெட்டி முடிக்கணும். சனிக்கிழமை கொண்டந்து தாறன்."

"சனிக்கிழமை கோயில் திருவிழாவுக்குப் பெனர் செஞ்சி குடுக்கணும் தங்கச்சி. இந்தக் குதிரைய நம்பித்தான் ஒடர் எடுத்திரிக்கன்."

"குதிரையா?"

"நீங்கதானே சொன்னீங்க. இது மெஷின் இல்ல அண்ணன், குதிரை. எட்டு வருசத்துல ஒரு தும்மல்கூட விடல்ல எண்டு."

"குதிரைக்கு வயசு போயிட்டண்ணன். அந்த ஃபேன் போடுற சத்தத்தக் கேளுங்க."

"ஃபேன் சத்தம் போட்டாத்தான் உள்ள உசிர் இரிக்கி எண்டு விளங்கும். இதுவும் நீங்க சொன்னதுதான்."

"சூடேறும்."

"குளிர் காலத்துக்கு நல்லம் எண்டீங்க."

ஸஹ்ரா வாயைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த கல்யாணப் படங்களின் பக்கம் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை விற்கும்போது ரிப்கா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இந்த மனிதன் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறான். பெட்டியை மட்டம்தட்ட அவளிடம் உண்மையான குறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் மானம் போகும்.

"அதவிட தங்கச்சி, ஒரு விசயம் கேக்கணும் எண்டு இருந்தன்." தேத்தண்ணியை ஊதினார். "திங்கக்கிழமை தூசி தட்டத் திறந்தன். மெமரி குத்துற குழி நாலு. ரெண்டுல மெமரி இரிக்கி. மத்த ரெண்டும் வெறுங்குழி. பெட்டி முழுக்க எட்டு வருசத் தூசி, அந்த ரெண்டு குழிக்குள்ள மட்டும் பொட்டுத் தூசி இல்ல. அது எப்படி?"

ரிப்காவுக்குக் காது சூடேறியது. விற்பதற்கு முதல் நாள்தான் அந்த இரண்டு மெமரியையும் உருவி எடுத்தாள். புது மேக்குக்குப் போட்டால் இன்னும் ஓடும் என்ற கணக்கு. பிறகு பார்த்தால் மேக்கில் அவற்றைக் குத்துவதற்குக் குழியே இல்லை. இரண்டும் இப்போது மேசை லாச்சியில் ஊசிநூலோடு கிடக்கின்றன.

"அண்டைக்கே கேட்டிருக்கலாமே அண்ணன்."

"கேட்டா, பேசின விலைக்குள்ள அது வரல்ல எண்டு சொல்லியிருப்பீங்க. எப்படியும் ஒரு நாள் என்னத் தேடி வருவீங்க எண்டு விட்டுட்டன். நாலு நாளுல வருவீங்க எண்டு நினைக்கல்ல."

ரிப்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா இருந்திருந்தால் இந்த ஆளைத் தன் கடையிலேயே குந்த வைத்திருப்பார்.

"சரி அண்ணன். சொல்லுங்க."

"பெட்டிய எடுத்துப் போங்க. சனிக்கிழமை விடிய நாலு மெமரியோட வரணும். அதுவரைக்கும் அந்தப் பையில இருக்கிறத வெச்சிட்டுப் போங்க. பெனர அதுல செஞ்சி பார்க்கிறன். எனக்கும் வாங்குற யோசினை இரிக்கி."

"மேக்கையா?" ஸஹ்ரா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ராத்தா, ஆம்பிளைட கையிலயா?"

ரிப்கா யோசித்தாள். அந்த மேக்கில் என்ன இருக்கிறது? கல்யாணங்கள் எல்லாம் டிஸ்க்கில். டிஸ்க் அதில் திறக்கவே இல்லை. நாலு நாளாக அதில் அவள் செய்தது, வாசலில் நின்ற ஆட்டை எடுத்து நாற்பது விநாடிக்கு வெட்டி நிறம் பழகியது மட்டும்தான். காத்தான்குடியிலேயே ஒரு பெண்ணின் நிழல்கூட விழாத கம்பியூட்டர் அதுதான். தன் கணக்கிலிருந்து வெளியேறி, இரண்டு தரம் சரிபார்த்து, மேசையில் வைத்தாள்.

"ஆடு ஒண்டு இரிக்கி. அழிச்சிராதீங்க."

பெட்டியை ஓட்டோவில் ஏற்றி, குழந்தையைப் போல் மடியில் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். இரண்டு மெமரியையும் குத்தினாள். பிறகு டிஸ்க்கைக் குத்தினாள். பெட்டி இரைந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் திரை நிறைந்தது: மருதோன்றிக் கையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு இனாயா சிரித்தாள்.

"ஃபேன் சத்தம் போடுது ராத்தா," என்றாள் ஸஹ்ரா.

"போடட்டும். உசிர் இரிக்கி."

வெள்ளிக்கிழமை அஸறுக்குப் பிறகு ஸஹீதாவின் வீட்டு மண்டபத்தில் யன்னல் சீலைகளை இழுத்து விட்டுவிட்டு நாற்பது பெண்கள் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தார்கள். இனாயா அழுத இடத்தில் அழுதார்கள், மாப்பிள்ளையின் சாச்சி வட்டிலப்பத்தை ஒளித்த இடத்தில் கைதட்டினார்கள். ரிப்காவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நாளை விடியப் பெட்டி போய்விடும், அந்தப் பெட்டி இல்லாமல் திறக்காத டிஸ்க்கில் அடுத்த கல்யாணம் காத்துக்கொண்டிருக்கிறது.

ஸஹீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கலரப் பாரு. புது மெஷின்ட வேலை தனிதான் மகள். ஒரு ஆம்பிளையும் பார்க்கல்லதானே?"

"அல்லாட காவல் மாமி, ஒரு ஆம்பிளையும் பார்க்கல்ல. புது மெஷினும் பார்க்கல்ல."

ஸஹீதாவுக்கு விளங்கவில்லை. அதற்குள் போன் அதிர்ந்தது. ஜெயரூபன்.

'பெனர் முடிஞ்சி. ஆடு வடிவு. உங்கட மேக்க இன்னும் ஒரு கிழமை வெச்சிருக்கட்டா தங்கச்சி? பெட்டி உங்களிட்டயே நிக்கட்டும்.'

ரிப்கா இரண்டு தரம் வாசித்தாள். உடனே 'ஓம், வெச்சிருங்க' என்று அடிக்க விரல் போனது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த மனிதன் காத்திருக்கட்டும்.